பெயர்களே வரைபடம்: சிராங்கூன் சாலை வட்டாரத்தின் நீரும் நிலமும் தொழிலும்



ஒரு சமூகம் தன் வாழிடத்தைத் தானே வரைந்து காட்ட வேண்டும் என்ற எண்ணம் கடந்த முப்பது ஆண்டுகளில் உலகின் பல நகரங்களில் வலுப்பெற்றுள்ளது. 1992-இல் நியூயார்க் நகரில் வெண்டி பிராவர் என்னும் வடிவமைப்பாளர் அந்நகரின் சுற்றுச்சூழல் இடங்களைக் காட்டும் வரைபடம் ஒன்றை வெளியிட்டார். 1995-இல் அது 'பசுமை வரைபடம்' என்னும் பொது அமைப்பாக விரிந்தது. அவ்வரைபடங்களில் இடங்கள் மூன்று பெரும்பிரிவுகளாகப் பகுக்கப்படுகின்றன. நீடித்து நிலைக்கத்தக்க வாழ்முறை ஒன்று, இயற்கை மற்றொன்று, பண்பாடும் சமூகமும் மூன்றாவது. எந்த நாட்டார் வரைந்தாலும் சந்தைக்கு ஒரு குறி, மரத்துக்கு ஒரு குறி, வழிபாட்டிடத்துக்கு ஒரு குறி எனப் பொதுக்குறிகளைப் பயன்படுத்துவர்.

நம் பள்ளிகளிலும் இத்தகைய செயல்திட்டங்கள் நடைபெறுகின்றன. மாணவர் லிட்டில் இந்தியாவுக்குச் சென்று கோயில், சந்தை, பூக்கடை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு திரும்புகின்றனர். இம்முயற்சி பாராட்டத்தக்கது. எனினும் அவர்கள் குறிப்பவை இன்று கண்ணுக்குப் புலப்படுபவை மட்டுமே. அங்கு ஓடிய நீர், மேய்ந்த மாடு, எரிந்த சூளை ஆகியவற்றை எந்தக் குறியும் காட்டுவதில்லை. அவற்றைக் காட்டும் சான்று ஒன்று உண்டு. அது இடப்பெயர். அச்சிட்ட பசுமை வரைபடம் தோன்றுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே சிங்கப்பூரில் வாழ்ந்த தமிழர் தம் பேச்சில் அத்தகைய வரைபடம் ஒன்றை வைத்திருந்தனர் என்பதே இவ்வுரையின் கருத்து.

1. பெயர்கள் வந்த மூன்று வழிகள்

ஆங்கிலேய ஆட்சி தெருக்களுக்குப் பெயர்ப்பலகை நாட்டியது. ஆளுநர், அதிகாரி, வணிகர் ஆகியோரின் பெயர்கள் அவற்றில் இடம்பெற்றன. அப்பலகைகளைப் படிக்காத மக்கள் தத்தம் மொழியில் வேறு பெயர்களை வழங்கினர். ஹெச். டி. ஹாட்டன் என்பார் சிங்கப்பூர்த் தெருக்களுக்கு உள்ளூர் மக்கள் வழங்கிய பெயர்களைத் திரட்டி, 1891-இல் அரச ஆசியக் கழகத்தின் நீரிணைக் கிளை இதழில் வெளியிட்டார். 1905-இல் ஃபர்ம்ஸ்டோன் சீனப் பெயர்களைத் தனியே தொகுத்தார். பிற்காலத்தில் விக்டர் சாவேஜும் பிரெண்டா இயோவும் எழுதிய தெருப்பெயர் நூல் இச்செய்திகளைப் பலரும் அறியச் செய்தது.

தமிழர் வழங்கிய பெயர்களை மூவகையாகப் பகுக்கலாம். முதல்வகை, பிறமொழிப் பெயரை ஒலிமாற்றத்துடன் ஏற்றுக்கொள்வது. 'தேக்கா' இதற்குச் சான்று. இரண்டாம் வகை, பிறமொழிப் பெயரின் பொருளைத் தமிழில் தருவது, அல்லது அதே பொருளுடைய பெயரைத் தமிழில் வழங்குவது. 'சுண்ணாம்புக் கம்பம்' இவ்வகை. மூன்றாம் வகை, தாம் கண்டதைக் கொண்டு தாமே பெயர் படைப்பது. அரபு ஸ்திரீட்டைப் 'பூக்கடைச் சடக்கு' என்றும், கிராஸ் ஸ்திரீட்டைப் 'பால்கடைச் சடக்கு' என்றும் அழைத்தது இவ்வகையாகும்.

இப்பெயர்களில் வரும் 'கம்பம்', 'சடக்கு' என்னும் இரு சொற்களையும் மாணவர் நன்கு அறிய வேண்டும். மலாயில் சிற்றூரைக் குறிக்கும் 'கம்போங்' தமிழில் 'கம்பம்' ஆயிற்று. தமிழ்ச் சொல் மெல்லின ஙகரத்தில் முடிவதில்லை. ஆகவே அயற்சொல் அவ்வாறு முடியுமாயின், தமிழ் நா இறுதியில் உகரம் சேர்க்கும். அன்றேல் தனக்குப் பழகிய மகர ஈற்றை இடும். இங்கு இரண்டாவது நிகழ்ந்தது. தூண் என்னும் பொருளில் 'கம்பம்' முன்னரே தமிழில் இருந்தமை இம்மாற்றத்தை எளிதாக்கியிருக்கும். 'சடக்கு' வட இந்திய மொழிகளில் சாலையைக் குறிக்கும் 'சடக்' என்பதன் வடிவம். மலேசியத் தோட்டப்புறங்களில் வளர்ந்த முதியோர் பேச்சில் இன்றும் அது கேட்கும். ஆக, 'பூக்கடைச் சடக்கு' என்னும் சிறு தொடருக்குள் தமிழும் வடமொழிப்புலச் சொல்லும் கைகோத்து நிற்கின்றன. 'சுண்ணாம்புக் கம்பம்' என்பதில் தமிழும் மலாயும் இணைகின்றன. அக்கால மக்கள் எத்தகைய பன்மொழிச் சூழலில் வாழ்ந்தனர் என்பதை இவ்விரு பெயர்களே உணர்த்தும்.

2. சுண்ணாம்புக் கம்பம்

சிராங்கூன் சாலையின் ஒரு பகுதியைத் தமிழர் 'சுண்ணாம்புக் கம்பம்' என்றனர். அங்குச் சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்தன. அவற்றில் தமிழர் உழைத்தனர். அவ்வட்டாரத்தில் 1881-இல் எழுந்த வீரமாகாளியம்மன் கோயில் தொடக்கத்தில் 'சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில்' என்றே அறியப்பட்டது. தெய்வத்தின் பெயருக்கு முன்னர்த் தொழிலின் பெயர் கோயிலுக்கு அடையாளமாயிற்று. அருகிலேயே 'கம்போங் காப்போர் சாலை' இன்றும் உள்ளது. மலாயில் 'காப்போர்' என்றாலும் சுண்ணாம்பே. ஒரே பொருளை இருமொழிகள் இரு பெயர்களில் காத்துள்ளன.

இச்சுண்ணாம்பு எதற்குப் பயன்பட்டது? கல்லும் செங்கல்லும் கொண்டு எழுந்த புதிய நகரத்துக்குச் சாந்து தேவைப்பட்டது. 1825 முதல் 1873 வரை சிங்கப்பூரில் இருந்த இந்தியக் கைதிகள் அந்நகரத்தின் பெரும்பகுதியைக் கட்டியெழுப்பினர். 1862-இல் அர்ப்பணிக்கப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயம் அவர்தம் கைவண்ணமே. அதன் சுவர்ப்பூச்சு 'மதராஸ் சுண்ணம்' எனப்பட்டது. கைதிகளை மேற்பார்த்த மெக்நேர், 1899-இல் வெளியான தம் நூலில் அதன் செய்முறையை விளக்கியுள்ளார். மணல் கலவாத கிளிஞ்சல் சுண்ணாம்புடன் முட்டையின் வெண்கருவும் வெல்லமும் சேர்த்துப் பசைபோல் அடிப்பர். தேங்காய் மட்டை ஊறிய நீரை அதனுடன் கலப்பர். பூசி உலர்ந்தபின் பளிங்குக்கல்லாலோ உருண்டைக் கல்லாலோ தேய்த்து மெருகேற்றுவர். தென்னாட்டுக் கொத்தர் வழிவழியாக அறிந்திருந்த நுட்பம் இது.

சொல்லின் பயணமும் இங்குக் குறிப்பிடத்தக்கது. பழந்தமிழில் 'சுண்ணம்' என்பது பூசிக்கொள்ளும் நறுமணப் பொடி. பின்னர்ச் 'சுண்ணாம்பு' கட்டடத்துக்கும் வெற்றிலைக்கும் உரியதாயிற்று. ஆங்கிலேயர் அதனைச் 'சுனம்' என்று தம் மொழியில் ஏற்றுக்கொண்டனர். தமிழ்ச் சொல் ஒன்று ஆங்கிலக் கட்டடக்கலைக் குறிப்புகளில் நிலைபெற்ற வரலாறு இது.

எனினும் இப்பெயரை வெறும் பெருமிதமாக மட்டும் கொள்ளலாகாது. நகரின் கட்டடத் தேவைக்காகக் கடலிலிருந்து பவளக்கல் எடுத்துச் சுடப்பட்டது. காளவாய்க்கு விறகு வேண்டும். விறகுக்கு மரம் வீழ வேண்டும். புகையும் வெக்கையும் அங்கு உழைத்தோரின் உடலில் இறங்கின. எனவே 'சுண்ணாம்புக் கம்பம்' என்பதற்குச் சுற்றுச்சூழல் வரைபடத்தில் ஓர் இடம் தருவோமானால், அது பண்பாட்டு இடம் மட்டுமன்று. நிலமும் கடலும் கொடுத்த விலையைக் குறிக்கும் இடமுமாகும்.

3. எருமையும் நீரும்

பழைய வரைபடங்களில் இவ்வட்டாரத்தின் மலாய்ப் பெயர் 'கண்டாங் கெர்பாவ்', அதாவது எருமைப் பட்டி. பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை, லெம்பு சாலை ஆகியவை எருமையையும் மாட்டையும் இன்றும் நினைவூட்டுகின்றன. கல்கத்தாவிலிருந்து வந்த யூத மாட்டு வணிகரான பெலிலியோஸ், இறைச்சி வணிகரான டெஸ்கர் ஆகியோரின் பெயர்களும் அருகருகே சாலைகளாக உள்ளன. ஒரு தொழிலின் உடைமையாளர்கள் பெயர்ப்பலகையில் இடம்பெற்றனர். மாட்டைக் கட்டியவர், கறந்தவர், ஓட்டியவர் ஆகியோர் இடம்பெறவில்லை. பெயர்ப்பலகையைப் படிக்கும் மாணவர் அதில் இல்லாதவர் யார் என்றும் கேட்டல் வேண்டும்.

மாடுகள் ஏன் இங்கு வந்தன? ரோச்சோர் ஆற்றின் தாழ்நிலம் நீரும் புல்லும் தந்தது. எருமை ஊறிக் கிடக்கச் சேற்றுக்குட்டையும் இருந்தது. சீனிவாசப் பெருமாள் கோயில் வரலாறும் இதனை உறுதிசெய்கிறது. 1851-இல் கிழக்கிந்தியக் கம்பெனியிடமிருந்து 26 ரூபாய் 8 அணாவுக்கு வாங்கப்பட்ட அந்நிலத்தில் 1855-இல் கோயில் எழுந்தபோது, சுற்றிலும் காய்கறித் தோட்டங்களும் குளங்களும் சதுப்பும் இருந்தன. 'சிராங்கூன்' என்னும் பெயரே 'ரங்கோங்' என்னும் நீர்ப்பறவையின் மலாய்ப் பெயரிலிருந்து வந்தது என்பது பரவலாக வழங்கும் கருத்து. அதற்கு வேறு விளக்கங்களும் உண்டு.

மாடு இருந்ததனால் பிற தொழில்கள் வளர்ந்தன. கோதுமை அரைக்கவும் எள் ஆட்டவும் சுமை இழுக்கவும் மாட்டின் வலிமை பயன்பட்டது. பால் வீடு வீடாகச் சென்றது. ஒரு தொழிலின் எச்சம் மற்றொரு தொழிலின் மூலப்பொருளாயிற்று. கெர்பாவ் சாலையில் 1900-இல் கட்டப்பெற்று இன்று வண்ணங்களால் அனைவரையும் ஈர்க்கும் டான் டெங் நியா இல்லத்தைக் காண்க. அவர் மிட்டாய் ஆலைகள் நடத்தினார். சாறு பிழிந்த கரும்புச் சக்கையை ரப்பர் உலர்த்தும் புகைக்கூடத்துக்கு எரிபொருளாக்கினார் என்பர். இன்று 'சுழற்சிப் பொருளாதாரம்' என்று நாம் பாடம் நடத்துவதை அன்று சிக்கனம் என்ற பெயரில் செய்தனர்.

மறுபுறமும் உண்டு. கொட்டில்களின் கழிவு நீர்நிலையைக் கெடுத்தது. நகரம் நெருங்க நெருங்கச் சுகாதாரக் கட்டுப்பாடுகள் இறுகின. 1930களில் மாட்டுத்தொழில் இங்கிருந்து விலகலாயிற்று. பெயர் மட்டும் நின்றது. 1924-இல் இங்குத் தொடங்கிய மகப்பேற்று மருத்துவமனை 'கண்டாங் கெர்பாவ்' என்னும் பெயரையே தாங்கியது. 1966-இல் உலகிலேயே மிகுதியான குழந்தைகள் பிறந்த மருத்துவமனை எனக் கின்னஸ் நூலில் அது இடம்பெற்றது. 'கேகே மருத்துவமனை' என்று நாம் சுருக்கிச் சொல்லும்போது, அவ்விரு எழுத்துகளுக்குள் ஓர் எருமைப் பட்டி ஒளிந்திருப்பதை எத்தனை பேர் அறிவர்?

4. துறை, பால், பூ

நீரைச் சார்ந்த மற்றொரு பெயர் 'டோபி காட்'. சலவையாளர் துறை என்பது அதன் பொருள். சென்னை, வங்காளம் ஆகிய பகுதிகளிலிருந்து வந்த சலவையாளர்கள் பிராஸ் பாசா ஓடையில் துணி வெளுத்து அருகிலிருந்த புல்வெளியில் உலர்த்தினர். அவ்வோடை இன்று ஸ்டாம்ஃபோர்டு கால்வாய். அதன் பெரும்பகுதி சாலைக்கடியில் மறைந்துவிட்டது. நீர் கண்ணுக்குத் தெரியவில்லை; துறை மட்டும் இரயில் நிலையப் பெயராக நிற்கிறது. 'காட்' என்பது 'துறை' என்பதை மாணவர்க்குச் சொல்லாவிடில், அங்கு ஓடை இருந்தது என்பதை அவர்கள் அறிய வழியில்லை.

பால்கடைச் சடக்கும் பூக்கடைச் சடக்கும் வேறுவகை. இவை அன்றாட வாழ்வின் பெயர்கள். தமிழ் வீட்டுக்குக் காலையில் பால் வேண்டும். வழிபாட்டுக்கும் கூந்தலுக்கும் பூ வேண்டும். எங்குச் சென்றால் அவை கிடைக்கும் என்பதே தெருவின் அடையாளமாயிற்று. அரபு ஸ்திரீட்டைச் சீனர் 'சாவகர் தெரு' என்றனர். ஆங்கிலேயர் அரபு வணிகர் பெயரால் அழைத்தனர். ஒரு மொழியார் அங்கு வாழ்ந்த ஓரினத்தாரைக் கண்டனர். மற்றொரு மொழியார் இன்னோர் இனத்தாரைக் கண்டனர். தமிழர் பூவைக் கண்டனர். மூன்று பெயர்களையும் ஒருங்கே வைத்தால்தான் அத்தெரு முழுமையாகத் தெரியும். ஒருமொழி வரைபடம் எப்போதும் அரைகுறை வரைபடமே.

5. தேக்கா கற்பித்த பாடம்

'தேக்கா' என்பதைத் தேக்கு மரத்தோடு இணைக்கத் தோன்றலாம். அது ஹொக்கியன் மொழிச் சொல். 'தெக் கியா கா' என்பதற்குச் சிறு மூங்கில்களின் அடிப்பகுதி என்பது பொருள். ரோச்சோர் கால்வாயோரம் மூங்கில் வளர்ந்திருந்தது. ஆகவே நாம் 'தேக்கா' என்று சொல்லும் ஒவ்வொரு முறையும், அறியாமலே ஒரு மூங்கிற்புதரைக் குறிப்பிடுகிறோம்.

1915-இல் எழுந்த பழைய சந்தை 1982-இல் எதிர்ப்புறத்துப் புதிய கட்டடத்துக்கு மாறியபோது, ஹொக்கியன் பெயரின் சீன எழுத்துகளை மாண்டரின் ஒலிப்பில் வாசித்து 'சூச்சியாவ் நிலையம்' எனப் பெயரிட்டனர். பொருள் மாறவில்லை; அதே மூங்கிலடிதான். ஆயினும் அவ்வொலி தமிழருக்கும் மலாய்க்காரருக்கும் மட்டுமன்றி, ஹொக்கியன் பேசிய முதியோர்க்கும் அயலாகவே நின்றது. மக்கள் தேக்கா என்றே தொடர்ந்து வழங்கினர். 2000-இல் அக்கட்டடம் 'தேக்கா நிலையம்' என மீண்டும் பெயர் பெற்றது.

இந்நிகழ்ச்சி இரண்டு உண்மைகளைக் காட்டுகிறது. இடப்பெயரின் உயிர் அதன் அகராதிப் பொருளில் மட்டும் இல்லை. வழங்குவோர் நாவில் உள்ளது. பலமொழியினர் தொடர்ந்து வழங்கிய பெயர் அதிகாரப் பெயரையும் மாற்றவல்லது. தேக்கா மீண்டது, அதனைச் சொல்ல ஆள் இருந்தமையால். பூக்கடைச் சடக்கு மீளவில்லை. அதனைச் சொல்வார் அருகிவிட்டனர்.

6. பள்ளிகள் செய்யத்தக்கது

2010-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் மிகுதியும் தமிழ் பேசுவோர் சிங்கப்பூர்வாசிகளில் 3.3 விழுக்காட்டினர். 2020-இல் அது 2.5 விழுக்காடாகக் குறைந்தது. வீட்டுப்பேச்சு சுருங்கும்போது முதலில் மறைவன பாடநூலில் இடம்பெறாத சொற்களே. வாய்மொழி இடப்பெயர்கள் அவ்வகையின. தெரு ஆவணத்தில் இருக்கும்; கட்டடம் நிழற்படத்தில் இருக்கும். ஒரு மூதாட்டி அத்தெருவை எவ்வாறு அழைத்தார் என்பது அவரோடு போய்விடும்.

ஆகவே வரைபடம் தயாரிக்கும் மாணவர்க்கு ஓர் எளிய முறையை முன்வைக்கிறேன். ஒவ்வோர் இடத்துக்கும் ஐந்து செய்திகளைப் பதிக. முதலாவது, பெயர் பேச்சில் ஒலிக்கும் வடிவம். திருத்தாமல், கேட்டவாறே எழுதுக. இரண்டாவது, சொன்னவரின் வயதும் அவர் வளர்ந்த இடமும். அவர் இசைவு பெற்ற பின்னரே பதிக. மூன்றாவது, அதே இடத்துக்கு மலாய், சீன, ஆங்கிலப் பெயர்கள். நான்காவது, பெயர் சுட்டும் நீர், மரம், விலங்கு அல்லது தொழில். ஐந்தாவது, இன்று அவ்விடத்தில் இருப்பது.

பெயர்க்காரணம் கூறுவதில் எச்சரிக்கை தேவை. ஒலி ஒத்திருப்பதனால் மட்டும் ஒரு பெயரைத் தமிழ் என்று கொள்ளலாகாது. தேக்காவே அதற்குச் சான்று. இருமொழிப் பெயர்கள் பொருளில் ஒத்திருப்பதும் தனியே போதாது. ஒன்று மற்றொன்றின் மொழிபெயர்ப்பாக இருக்கலாம். சுண்ணாம்புக் கம்பத்தை நாம் ஏற்பதற்குக் காரணம், கம்போங் காப்போர் என்னும் பெயரோடு காளவாய்கள் பற்றிய செய்தியும் கோயிலின் பழம்பெயரும் பொருந்தி நிற்பதே. மொழிச்சான்று, நிலச்சான்று, ஆவணச்சான்று ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்க வேண்டும். அவ்வாறு தாங்காத இடத்தில் 'இவ்வாறும் கூறுவர்' என எழுதி நிறுத்துவதே ஆய்வு நேர்மை.

இம்முறையால் விளையும் பயன் இருவகையது. மொழி வகுப்பும் புவியியல் வகுப்பும் ஒன்றையொன்று சந்திக்கும்; ஙகர ஈறு மாறுவதும் கால்வாய் மூடப்படுவதும் ஒரே பாடத்தில் இடம்பெறும். தாத்தா பாட்டியிடம் தமிழில் கேட்பதற்கு மாணவர்க்கு உண்மையான ஒரு காரணமும் கிடைக்கும். தேர்வுக்காகக் கேட்கும் வினாவுக்கும், விடை தெரிந்தவர் அவர் ஒருவரே என்பதனால் கேட்கும் வினாவுக்கும் வேறுபாடு பெரிது.

முடிவாக

1989-இல் லிட்டில் இந்தியா பாதுகாப்பு வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. கடைவீடுகளின் முகப்புகள் காக்கப்பட்டன. முகப்புகளைக் காக்கச் சட்டம் உண்டு. பெயர்களைக் காக்கப் பேச்சு மட்டுமே உண்டு. சுண்ணாம்பு, எருமை, ஓடை, மூங்கில், பால், பூ ஆகிய ஆறு சொற்களை வைத்து இவ்வட்டாரத்தின் ஒரு நூற்றாண்டு வாழ்வை நாம் இன்று தொட்டுக்காட்ட முடிந்தது. இத்தகைய பெயர்கள் சிங்கப்பூரின் பிற வட்டாரங்களிலும் மலேசியத் தோட்டப்புறங்களிலும் இன்னும் முதியோர் நினைவில் உள்ளன. ஒரு வகுப்பு ஓராண்டில் பத்துப் பெயர்களைப் பதிந்தாலும் அது நல்ல தொடக்கமே. அப்பணியை இவ்வாண்டே தொடங்குமாறு ஆசிரியர்களை வேண்டுகிறேன்.